கேளுங்க, சொல்றோம்: கடல் தண்ணிக்கு எதுக்கு கேமரா?

கேள்வி: அலாஸ்கா பக்கம் பேரிங் கடல்ல கப்பல்குள்ள கேமரா வச்சு கண்ணுக்கே தெரியாத பாசிய போட்டோ எடுக்கறாங்களாம். ஒரு வாளி தண்ணி மொண்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா போதாதா? – ஒரு வாசகி

போதும்ங்க, ரிசல்ட் எப்ப வந்தா என்னன்னு இருந்தா. வாளில மொண்ட தண்ணில மருந்து ஊத்தி, ஊருக்கு அனுப்பி, லேப்ல ஒருத்தர் உக்காந்து எண்ணி முடிக்க வாரக்கணக்காகும், அதுக்குள்ள விஷப் பாசி தின்ன மட்டிய (சிப்பி வகை) கரையில இருக்கறவங்க சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க!

அந்த மெஷின் பேரு இமேஜிங் ஃப்ளோசைட்டோபாட், அமெரிக்காவுல வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு மையத்துல உருவானது. கப்பல் ஓடிட்டு இருக்கும்போதே அடியில இருந்து பைப்ல தண்ணி வரும், அதுல ஒரு டீஸ்பூன் அளவு, அதாவது 5 மில்லி, சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருதடவை எடுத்துக்கும். உள்ள பாசி செல்லுங்க ரேஷன் கடை க்யூ மாதிரி ஒண்ணொண்ணா லேசர் முன்னாடி போகும், பச்சையம் இருந்தா சிவப்பா மினுங்கும், மினுங்குன உடனே கேமரா க்ளிக். ஒரு மணி நேரத்துல 30,000 படம் வரைக்கும் எடுக்கும்ங்க, மனுஷன் பாத்து மாளுமா, அதனால கம்ப்யூட்டரே ரகம் பிரிச்சிடும். ஆனா உருண்டையா இருக்கறதெல்லாம் ஒண்ணுதான்னு அது சில நேரம் ஏமாந்துடும், ஆள் ஒருத்தர் சரிபார்த்தே ஆகணும்.

அங்க முக்கியமா தேடறது அலெக்ஸாண்ட்ரியம் கட்டனெல்லாங்கற பாசிய. கருப்பு வெள்ளை படத்துல சின்ன உருண்டையா, சிலது ரெண்டு நாலுன்னு கோத்த மணி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், தலைமுடி தடிமன்ல பாதிகூட இருக்காது. இதுல வர்ற சாக்ஸிடாக்சின் விஷம் மட்டிக்குள்ள சேரும், எவ்ளோ வேகவச்சாலும் போகாது. உதடு மரத்துப்போறதுல ஆரம்பிக்கும், முத்துனா மூச்சே நின்னுடும். 2022 கோடையில நார்ஸ்மன் 2ங்கற ஆய்வுக் கப்பல் பேரிங் ஜலசந்தி பக்கம் போனப்ப இந்தப் பாசி லிட்டருக்கு 1 லட்சம் செல்லுக்கு மேல ஏறிடுச்சு. கப்பல் கரை திரும்பறவரைக்கும் காத்திருக்கல, கடல்ல இருந்தே கரையோர ஊர்களுக்கு தகவல் போச்சு.

கேள்வி: ஐஸ் கடலாச்சே, இது எப்படி அங்க வந்துச்சு?

கொஞ்சம் தெற்கேருந்து நீரோட்டத்துல மிதந்து வருது. மிச்சம் அங்கயே சேத்துக்குள்ள விதை மாதிரி தூங்கிட்டு இருந்ததுதான், வடக்கால சுக்சி கடலடியில இது ஏராளமா கிடக்கு. முன்னாடி அடித்தண்ணி ஜில்லுனு இருந்ததால சரியா முளைக்கல. இப்ப கடல் சூடாகி ஐஸ் குறையுது (2018 குளிர்காலத்துல பேரிங் கடல்ல ஐஸ் ரொம்பவே கம்மி), அதுக்கு முளைக்க தோது வந்துடுச்சு.

ஒண்ணு மட்டும் கேமராவால முடியாது. பாசி எதுன்னு சொல்லும், மட்டில எவ்ளோ விஷம் ஏறிருக்குன்னு சொல்லாது. அங்க செயின்ட் லாரன்ஸ் தீவுல யூபிக் பழங்குடி மக்கள் வேட்டையாடுன வால்ரஸோட (தந்தம் வச்ச பெரிய கடல் விலங்கு) வயித்துல இருக்கற மட்டியையும் எடுத்து ருசிச்சு சாப்பிடுவாங்க. அந்த மட்டிய சோதிக்கணும்னா லேபுக்குத்தான் அனுப்பணும்.