கொழும்பில் இருந்துகொண்டே தோட்டம், நாய், கைச்சமையல் என்று ஊர் வாழ்க்கை வாழ முடியுமா?

முடியும். வெள்ளவத்தையில் இருபது வருடத்துக்கு மேலாக நான் அப்படித்தான் இருக்கிறேன். வாடகை வீடு, இருவரும் வேலைக்குப் போகிறோம், பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஒரு நாய்க்குட்டியும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டத்தையும் சமையலையும் இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள். நாய் விஷயம் வேறு. அதைப் பற்றித்தான் நீட்டி எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். செம்பாட்டு மண், எட்டுப் பரப்பு வளவு. அங்கே ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச்சஸ். இங்கே என் முழு வீடே ஐந்து பேர்ச்சஸ், அதில் தோட்டம் என்பது குசினிக் கதவில் இருந்து மதில் வரைக்கும் உள்ள துண்டுதான். அதற்குள் ஒரு முருங்கை, கறிவேப்பிலை, ரம்பை, பழைய பெயின்ட் வாளிகளில் பச்சை மிளகாயும் கத்தரியும், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் வல்லாரை. முருங்கையை ஆள் உயரத்தில் வெட்டி வெட்டி விடுங்கள். உயர விட்டால் ஒரு காற்றுக்கு முறிந்துவிடும், இலை பறிக்கவும் எட்டாது. கடல் பக்கத்து வீடென்றால் பயற்றங்கொடியை மதிலுக்கு மேலே விடாதீர்கள். உப்புக் காற்றில் இலை கருகும்.

உரத்துக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது யூரியா கிடைக்கவில்லை. அப்போது பிடித்த பழக்கம், மீன் கழுவின தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் வீணாகப் போவதில்லை. கறிவேப்பிலை அதற்குப் பிறகுதான் தழைத்தது.

இதில் காசு மிச்சம் என்று நான் சொல்லவில்லை. மண் மூட்டை, வாளி எல்லாம் கணக்குப் பார்த்தால் சந்தையில் வாங்குவது மலிவு என்று சிலர் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் 2022 இல் காஸ் இல்லாமல், செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை முந்தைய வருடத்தைவிட 94.9 வீதம் கூடி நின்றபோது, எங்கள் வீட்டில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, முருங்கை இலை வறையும் சொதியும் சோறும் ஒரு நாளும் குறையவில்லை. இரவே கொப்பை ஒரு துணியில் சுற்றி வைத்தால் விடிய இலை தானாக உதிர்ந்து கிடக்கும், உருவ வேண்டியதில்லை. சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய் வதங்கியதும் இலையைப் போட்டு, மூடாமல் இரண்டு புரட்டு. இறக்கும்போது மஞ்சளோடு பிசறின தேங்காய்ப்பூ. அவ்வளவுதான்.

இனி நாய்.

1995 ஒக்டோபர் 30 பின்னேரம், இராணுவம் நெருங்கி வர, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மழை. சைக்கிளில் அம்மம்மாவை இருத்தி உருட்டிக்கொண்டு போனோம். எங்கள் நாய் வாலன் பின்னாலேயே வந்தது. செம்மணி வெளியில் சனம் அடி எடுத்து வைக்க இடமில்லாமல் நின்றது. அங்கே எங்கேயோ அது தவறிவிட்டது. நான் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டேன். அப்பா "நட பிள்ளை" என்றார். ஆறு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பியபோது வீட்டுப் படியில் அது படுத்திருக்கும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. இல்லை.

எத்தனை மனிதர் செத்த நாட்டில் நாய்க்கு அழுகிறாயா என்று யாராவது கீழே எழுதுவீர்கள். மனிதரையும் இழந்த வீடுதான் எங்களுடையது. அதற்காக இது வலிக்காமல் போய்விடவில்லை. இருபது வருடம் நான் நாயே வளர்க்கவில்லை.

பிறகு 2016 இல் மழைக்கு எங்கள் கேற்றடியில் ஒதுங்கிய தெருக்குட்டி ஒன்று, காது ஒன்று மடிந்தது, உள்ளே வந்தது. சூட்டி என்று பெயர். தேங்காய் திருவும் சத்தம் கேட்டால் திருவலைக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். திருவி முடிந்த சிரட்டையை அதற்குக் கொடுத்துப் பழக்கிவிட்டேன். நக்கி முடித்துத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். 2017 டெங்கு வருடம், நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேல் நோயாளர். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தபோது வாளிகளுக்குப் பின்னால் இரண்டு சிரட்டையில் மழைத் தண்ணீரும் நுளம்புப் புழுவும். பிழை என்னுடையதுதான். நான் வாதாடவில்லை. இன்றைக்கும் சிரட்டையை எண்ணித்தான் கொடுக்கிறேன், எண்ணித்தான் திரும்ப எடுக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில். நான் சிங்களம் கதைப்பேன், வாசிக்கத் தெரியாது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. வீட்டுக்கு வீடு தமிழர் இருக்கிற வெள்ளவத்தையில், என்ன திகதிக்கு எங்கே வரவேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் பக்கத்து வீட்டு அன்ரியின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அந்த அலுவலகத்தில் கேட்டேன், தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்றார்கள். முடிந்தால் அச்சடிக்க வேண்டியதுதானே. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். அன்றிலிருந்து மனதில் கிடக்கிறது.

சரி, நாய்க்கு வருகிறேன். 2019 இல், அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டை விற்கப் போகிறோம் என்று வீட்டுக்காரர் சொன்னார்கள். பதினொரு வீடு பார்த்தோம். நாய் என்றதும் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். தங்கச்சி உட்பட எல்லோரும், யாருக்காவது கொடுத்துவிட்டுப் போ அக்கா என்றார்கள். இந்தமுறை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றேன். கடைசியில் கால்வாய்ப் பக்கம் ஒரு பழைய வீட்டின் சொந்தக்காரர் சம்மதித்தார், வாடகை அதிகம்தான். ஓட்டோவில் மடியில் சூட்டி, காலடியில் ஈரச்சாக்கில் சுற்றின ஒரு முருங்கைத் தடி. 2022 இல் எங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தடிதான்.

ஆகவே குட்டி எடுக்க முன் இவ்வளவையும் பாருங்கள். பகலில் யார் வீட்டில் இருப்பார்? வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்கினீர்களா? மிஞ்சின கறியைப் போட்டு வளர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். நான் சோற்றோடு சாளை மீனை வெறும் தண்ணீரில் அவித்து, முள் எடுத்துத்தான் கொடுக்கிறேன். வருடா வருடம் விசர்நாய்க்கடி ஊசியும் போட வேண்டும்.

முருங்கைத் தடி வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, வல்லாரைக் கொடியும் தருவேன். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள்.