பிள்ளைகளை யார் தூண்டிவிட்டார்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் கழிப்பறை, நூலகம் கேட்டு ஊர்வலம் போனதையும், அவர்கள் அமைப்பு அரசின் மேல் வழக்குப் போட்டதையும் சென்ற இதழில் மெச்சி எழுதியிருந்தீர்கள். படிக்கிற வயதில் படிப்பதுதான் பிள்ளைகளின் வேலை. அவர்கள் கையில் பதாகையைக் கொடுத்துத் தெருவில் இறக்கிவிடுகிறவர்கள் பெரியவர்கள். பேரும் நிதியும் அவர்களுக்கு, பாடம் கெடுவது பிள்ளைக்கு. இதை ஒரு பத்திரிகை ஊக்குவிக்கலாமா?
— ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், நாமக்கல்

பதில்: ஐயா, பிள்ளைகளோடு காலம் கழித்தவர் கேட்கிறீர்கள், அதனால் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஊக்குவிக்கலாம். ஊக்குவிக்கத்தான் வேண்டும்.

இது எங்கே தொடங்கியது என்று பாருங்கள். கேப் டவுன் நகரத்தின் ஓரத்தில் கயலிட்சா என்று ஒரு பகுதி இருக்கிறது. நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கிக் குடிவைத்த இடம். 2008-இல் அங்கே ஈக்வல் எஜுகேஷன் என்ற அமைப்பை ஆரம்பித்தவர்கள் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து, உங்கள் பள்ளியில் எது சரியில்லையோ அதைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அப்படி வந்த ஒரு படத்தில் வரிசையாக உடைந்த ஜன்னல் கண்ணாடிகள். லூலாசா உயர்நிலைப் பள்ளி. மொத்தம் 500 கண்ணாடிகள் போல, வருஷக்கணக்கில் அப்படியே கிடந்திருக்கின்றன. கேப் டவுனில் மழை பெய்வதே குளிர்காலத்தில்தான், ஜூன் ஜூலையில். சாரல் நோட்டில் அடிக்க, ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு கணக்குப் போடுகிற பிள்ளையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அந்தக் கட்டடத்தை ஆசிரியர்களும் பார்த்தார்கள், அதிகாரிகளும் பார்த்தார்கள், எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. பிள்ளைகள்தான் கையெழுத்து வாங்கி, பேரணி நடத்தி, கண்ணாடி போட வைத்தார்கள். யார் தூண்டினார்கள் என்று கேட்டால், உடைந்த ஜன்னல்தான் தூண்டியது என்று சொல்வேன்.

பாடம் கெடுகிறது என்கிறீர்கள். இந்த மாணவர்களுக்கு அங்கே ‘ஈக்வலைசர்’ என்று பெயர், அவர்கள் கூடுவது வாரம் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு. ஆனால் என் பதில் அதில் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத பள்ளியில் தினமும் கெடுகிற பாடத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? அந்த நாட்டு அரசே 2011-இல் எடுத்த கணக்கு இது: 24,793 அரசுப் பள்ளிகளில் 2,402 பள்ளிகளுக்குத் தண்ணீர் வசதி இல்லை, 913 பள்ளிகளில் கழிப்பறையே இல்லை, 11,450 பள்ளிகளில் இருந்தது குழிக் கழிப்பறை. நூல்கள் உள்ள நூலகம் இல்லாத பள்ளிகள் 22,938. அதாவது பத்தில் ஒன்பதுக்கும் மேல்.

இவ்வளவுக்கும் அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, அடிப்படைக் கல்வி எல்லோருக்கும் உரிமை என்று நேராகச் சொல்கிறது. வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு ‘இருக்கிற வளத்துக்கு ஏற்பப் படிப்படியாக’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள், அடிப்படைக் கல்விக்கு அது கிடையாது. உடனே கொடுத்தாக வேண்டிய உரிமை என்று 2011-இல் அரசியல் சட்ட நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, உரிமை என்றால் எது? கூரையா, மேசையா, ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள்? அதை எழுதி வைத்தால்தானே கேட்க முடியும்? பள்ளிக்குக் குறைந்தபட்சம் இன்னின்ன இருக்க வேண்டும் என்று விதி போடு, தேதி போடு என்பதுதான் அவர்கள் கேட்டது. ஆயிரக்கணக்கில் நடந்தார்கள், 2012-இல் வழக்குப் போட்டார்கள், விசாரணைக்குச் சற்று முன்னால் அமைச்சர் இறங்கி வந்து விதி கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொண்டார், பிறகு சொன்ன தேதியைத் தவறவிட்டார்.

அந்த நேரத்தில்தான், 2013-இல், நீங்கள் இப்போது கேட்கிற அதே கேள்வியைக் கல்வி அமைச்சர் ஆஞ்சி மொட்செக்காவின் தரப்பு கேட்டது. வெள்ளைக்காரப் பெரியவர்கள் சிலர் அரைகுறை உண்மைகளைச் சொல்லிக் கறுப்பினப் பிள்ளைகளைத் திரட்டுகிறார்கள் என்று அறிக்கை விட்டார்கள். அப்போது அந்த அமைப்பின் தலைவராக இருந்தவர் யோலிஸ்வா துவானே, கறுப்பினப் பெண். மேலே நான் சொன்ன எண்களோ அரசாங்கத்தின் சொந்த எண்கள். சொன்னது பொய் என்று காட்ட முடியாதபோதுதான் ‘உன்னை யார் அனுப்பியது’ என்று கேட்கத் தோன்றும். நீங்கள் அந்த நோக்கத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இந்தக் கேள்வி யாருக்குப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியில் 2013 நவம்பர் 29 அன்று விதிகள் வந்தன. தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எதுவுமே இல்லாத பள்ளிகளை மூன்று வருஷத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று தேதியோடு.

அடுத்த ஜனவரி 20. லிம்போபோ மாகாணத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. மைக்கேல் கொமாபே என்ற ஐந்து வயதுப் பையன், பள்ளியில் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது, கழிப்பறைக்குப் போனான். துருப்பிடித்த இருக்கை உடைந்து குழிக்குள் விழுந்து இறந்துபோனான். தகவல் கேட்டு ஓடிவந்த தாய் பார்த்தது, மேலே நீட்டியபடி இருந்த ஒரு சின்னக் கை. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கழிப்பறைக்காகப் பிள்ளைகள் தெருவுக்கு வரலாமா என்கிற கேள்விக்கு இதைச் சொல்லாமல் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2018 மார்ச்சில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் இன்னொரு ஐந்து வயதுப் பெண் குழந்தை அதேபோல இறந்தது. மூன்று வருஷத் தவணை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பெரியவர்களின் பங்கு பற்றிக் கேட்டீர்கள். அதே 2018 ஜூலையில், ஈக்வல் எஜுகேஷன் போட்ட வழக்கில், ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் பீஷோ உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மற்ற துறைகள் ஒத்துழைத்தால், பணம் இருந்தால் என்று விதிகளுக்குள் அமைச்சர் தப்பிக்க ஒரு சந்து வைத்திருந்தார்கள். அதை அடைத்தது அந்தத் தீர்ப்பு. அந்தச் சந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பதினைந்து வயதுப் பிள்ளையால் ஆகாது, அதற்கு வழக்கறிஞர் வேண்டும். ஆனால் மதியச் சாப்பாடு நின்றுபோனால் வீட்டில் என்ன ஆகிறது என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வழக்கறிஞரால் ஆகாது. கொரோனா காலத்தில் அதுதான் நடந்தது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பள்ளி உணவை நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகள் தங்கள் நிலையை எழுதிக் கொடுத்தார்கள், 2020 ஜூலையில் நீதிமன்றம், பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் உணவு கொடு என்று உத்தரவிட்டது. காமராஜர் காலத்திலிருந்து மதிய உணவோடு வளர்ந்த நமக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் வென்றுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். 2024-இல் விதிகளைத் திருத்தித் தவணைத் தேதிகளையே எடுத்துவிட்டார்கள். எதற்கு அத்தனை வருஷம் நடந்தார்களோ அந்தத் தேதிகளை. எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

நம் பக்கம் வருகிறேன். 2001-இல் கைலாஷ் சத்யார்த்தி கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை நடத்திய கல்வி யாத்திரையில், வேலைத் தளங்களிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளும் நடந்தார்கள். அடுத்த ஆண்டு நம் அரசியல் சட்டத்தில், ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21ஏ பிரிவு வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், நூலகம் என்று அதிலும் பட்டியல் உண்டு, அதற்கும் மூன்று வருஷத் தவணைதான், 2013 மார்ச்சோடு முடிந்தது. அதை ஒட்டி நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் நீதிமன்றப் படி ஏறினார்கள்?

என் அக்கா படித்த பள்ளியில் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. காலையில் தண்ணீர் குடிக்காமல் போவாள், சாயங்காலம் வந்ததும் பையைக்கூட இறக்காமல் நேரே கொல்லைப்பக்கம் ஓடுவாள். வகுப்பில் நாற்பது பெண்களும் அப்படித்தான். அவர்கள் யாரும் ஹெச்.எம். அறைக்குப் போய்ச் சொன்னதில்லை, பொம்பளைப் பிள்ளைகள் சொல்கிற விஷயமா அது என்று வளர்த்திருந்தோம். நன்றாகப் படித்த பிள்ளைகள் என்று ஊரே பாராட்டியது. கயலிட்சா பிள்ளைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் அந்த நாற்பது பேர்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஐயா, நீங்கள் தலைமை ஆசிரியராக இருந்த வருஷங்களில் பிள்ளைகள் யாராவது உங்கள் அறைக்கு வந்து, தண்ணீர் வரவில்லை, கதவு இல்லை, ஆசிரியர் இல்லை என்று சொன்னதுண்டா? சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள், மேலே எழுதினீர்களா, எழுதியதற்கு என்ன பதில் வந்தது? எழுதி அனுப்புங்கள். ஒரு வரி வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.