சாங்கி கொட்டகைக்காரர் பதில்கள்

ஐயா, எங்கள் பாலிடெக்னிக் இறுதியாண்டு வேலைக்காக எடை குறைந்த விமானச் சரக்குக் கொள்கலன் ஒன்றை வடிவமைக்கிறோம். குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் அராமிட் இழைத் தகடு அலுமினியத்தைவிட இலேசு. பிறகு ஏன் இன்னும் இத்தனை அலுமினியப் பெட்டிகள் புழங்குகின்றன?
- மாணவி, தெம்பனிஸ்

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், அம்மா. எல்டி-3 என்பது பெரிய விமானங்களின் வயிற்றில் ஏற்றும் வழக்கமான கொள்கலன். அலுமினியத்தில் செய்தது வெறுமையாகச் சுமார் 80 கிலோ இருக்கும். அராமிட் சுவர் வைத்தது 60 கிலோவை ஒட்டி வந்துவிடும். போயிங் 777-300ஈஆர் விமானத்தின் வயிற்றில் 44 எல்டி-3 கொள்ளும். பெட்டிக்கு 20 கிலோ குறைந்தால் மொத்தம் 880 கிலோ. கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு 3 விழுக்காடு அளவுக்கு எரிபொருள் செலவாகும் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. லண்டனுக்கு 13 மணி நேரம் என்றால், ஒரே பயணத்தில் 300 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம். காகிதத்தில் பார்த்தால் நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

நான் 26 ஆண்டுகள் சாங்கி விமான நிலையத்தில் கொள்கலன் பழுதுபார்த்தவன். பறக்கும்போது உடைந்தது என்று ஒரு பெட்டிகூட என்னிடம் வந்ததாக நினைவில்லை. வந்ததெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் முள் குத்திய ஓட்டை, டாலி என்னும் சரக்கு வண்டியில் இடித்து மடங்கிய கீழ்ச்சட்டம், கிழிந்த கதவுத் துணி. எல்டி-3 உருளைகள்மேல் தள்ளிச் செல்லும்படி செய்யப்பட்டது; பெரும்பாலானவற்றின் அடியில் முள் நுழைய இடமே கிடையாது. ஆனால் விமானம் புறப்பட 20 நிமிடம் இருக்கும்போது யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்? அடித்தகட்டில் பள்ளம் விழுந்தால் பெட்டி உருளையில் சிக்கும். சிக்கினால் ஃபோர்க்லிஃப்டால் முட்டுவார்கள். முட்டினால் இன்னொரு பள்ளம்.

அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு துண்டுத் தகடு வெட்டி, ரிவெட் அடித்து, மதியச் சாப்பாட்டுக்குள் அனுப்பிவிடுவேன். அந்த வேலை தெரிந்தவர் எந்த ஊரிலும் கிடைப்பார். விலையும் குறைவு. அராமிட் வளைந்து கொடுக்கும், சின்ன இடியெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த இழையை நாளடைவில் பலவீனமாக்கும். மேற்பூச்சு உரிந்து, நம் ஊர் வெயிலில் கிடந்த பெட்டியை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று, உங்கள் ஆசிரியர்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஒட்டு போடப்போட அலுமினியப் பெட்டி கனத்துக்கொண்டே போகும். பழைய பெட்டி ஒன்றை ஒருமுறை சும்மா நிறுத்துப் பார்த்தேன். அதன்மேல் எழுதியிருந்ததைவிட 6 கிலோ கூடுதல்!

அதனால் சுவரில் எடையைக் குறையுங்கள். அடித்தகட்டிலும் கீழ்ச்சட்டத்திலும் கைவைக்காதீர்கள். ஒவ்வொரு சுவரும் தனியாகக் கழன்று வரும்படி செய்யுங்கள். படம் வரைய உட்காருவதற்கு முன், பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் அரை நாள் நின்று பாருங்கள்.

விமானச் சன்னலிலிருந்து பார்த்தேன், பெட்டிகளின் ஒரு கீழ்மூலை சாய்வாக வெட்டியதுபோல இருக்கிறதே, ஏன்?
- வாசகி, உட்லண்ட்ஸ்

விமானத்தின் வயிறு உருண்டை, அவ்வளவுதான். எல்டி-3யின் அடிப்பகுதி 156 செண்டிமீட்டர் அகலம், மேலே 201. இரண்டை முதுகோடு முதுகாக வைத்தால் உருண்டைக்குள் கச்சிதமாக உட்காரும். அடுத்த முறை பெட்டிமேல் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். ‘ஏகேஇ’ என்று தொடங்கினால், முதல் எழுத்து சான்றிதழ் பெற்ற கொள்கலன் என்பதைச் சொல்லும், இரண்டாவது அடித்தள அளவு, மூன்றாவது வடிவம். கடைசியில் ‘எஸ்கியூ’ இருந்தால் அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெட்டி.

அண்ணே, திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிய அட்டைப்பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. கொள்கலனுக்குள் வைத்துத்தானே அனுப்புகிறார்கள்?
- வாசகர், பிடோக்

எந்த விமானத்தில் போனது என்று விசாரித்தீர்களா, தம்பி? போயிங் 737 ஒல்லி விமானம், அதன் வயிற்றில் கொள்கலன் ஏற்ற முடியாது. ஆட்கள் உள்ளே குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையால்தான் அடுக்குவார்கள். உங்கள் பெட்டி அடிவரிசையில் மாட்டியிருக்கும். அடுத்த முறை இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி வாங்குங்கள். மைலோ டின்கள் அடியில் இருக்கட்டும், இடைவெளியைப் புடவை, துண்டால் அடையுங்கள். கோடாலித் தைலத்தை மட்டும் தனிப் பையில் கட்டிவிடுங்கள். உடைந்தால் அம்மாவின் புடவை எல்லாம் ஆறு மாதத்துக்கு மணக்கும்.