சுற்றறிக்கை போய்ச் சேர்ந்தது, பழக்கம் போகவில்லை

கேள்வி: செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். மருந்தும் திரவமும் ஏற்றக் கையின் ரத்தநாளத்தில் போடும் மெல்லிய குழாயான கேனுலாவை மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டியதில்லை, தேவை ஏற்பட்டால் மாற்றினால் போதும் என்று புதிய வழிகாட்டுதல் கொண்டுவந்தோம். வகுப்பு நடத்தி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியும், வார்டுகளில் பழையபடியே மாற்றுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் வார்டில் எழுதும் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'கேனுலா போட்ட நாள்' என்பதற்குப் பக்கத்தில் 'மாற்ற வேண்டிய நாள்' என்ற கட்டம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது. அதைக் காலியாக விட்ட செவிலியரைக் காலை ரவுண்ட்ஸில் யாராவது கேள்வி கேட்பார்கள். திட்டு வாங்குவதைவிட ஊசியை மாற்றிவிடுவது அவருக்கு எளிது. இதைப் பிடிவாதம் என்று சொல்லக் கூடாது.

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஷிஃப்டிலும் நிரப்பும்படி இரண்டு கேள்விகளை வையுங்கள். ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம், கசிவு ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேனுலா இன்னும் தேவையா? பணி ஒப்படைக்கும்போது இருவரும் படுக்கையருகே நின்று பார்த்து எழுதட்டும்.

அடுத்து, பயம். "மாற்றாமல் விட்டு நோயாளிக்குத் தொற்று வந்தால் யார் பதில் சொல்வது?" என்று மூத்த செவிலியர் ஒருவராவது கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 3,283 நோயாளிகளிடம் நடந்து, 2012இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், நாள் கணக்கில் மாற்றியவர்களுக்கும் தேவைப்பட்டபோது மாற்றியவர்களுக்கும் ரத்தநாள அழற்சி ஒரே அளவில், 7 சதவீதமாகவே இருந்தது. ஆனால் ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் தேவைப்பட்டால் மட்டும் மாற்றும் முறைக்கு மாறிய பிறகு கேனுலா வழியான ரத்தத் தொற்று கூடியது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. 2021இல் வெளியான அந்தத் தகவல் வெறும் முன்பின் ஒப்பீடுதான் என்றாலும் ஒதுக்கிவிடக் கூடியதல்ல. இரண்டையும் ஊழியர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாதியை மறைத்துச் சொன்ன நிர்வாகத்தை அடுத்த வழிகாட்டுதலின்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

என் கருத்தில், உங்கள் வழிகாட்டுதலின் உயிர் 'மாற்றாதே' என்பதில் இல்லை, 'தினமும் பார்' என்பதில் இருக்கிறது. முதலாவது வேலையைக் குறைக்கிறது, அதனால் தானே பரவும். இரண்டாவது வேலையைக் கூட்டுகிறது. அதற்குத்தான் ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும். பார்ப்பது நடக்காத வார்டில் பழைய விதியை எடுப்பது ஆபத்து. அங்கே அது நீடிக்கட்டும்.

யார் சொல்வது என்பதும் முக்கியம். ரத்தநாளம் எளிதில் கிடைக்காத நோயாளிக்கு ஊசி போட எல்லோரும் யாரைக் கூப்பிடுகிறார்கள்? அவரிடம் முதலில் பேசுங்கள். அவர் சம்மதித்தால் அந்த வார்டு பெரும்பாலும் கூடவே வரும். அவர் மறுத்தால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் திட்டத்தில் விட்டுப்போனது எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர்களும், நாள் கடந்த கேனுலாவுக்காக இனித் திட்ட மாட்டோம் என்று ஊழியர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும்.

உத்தரவு மட்டும் போதாது என்பதற்கு அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலே சான்று. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அதை எட்டு நகரங்களின் மருத்துவமனைகள் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அத்தகைய பட்டியலைக் கட்டாயமாக்கியபோது, 101 மருத்துவமனைகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

ஆகவே ஒரே வார்டில் தொடங்குங்கள். வாரம் ஒருநாள் சில படுக்கைகளைப் பார்த்து, எத்தனை இடங்கள் உண்மையில் கவனிக்கப்பட்டன, தேவையில்லாத கேனுலா எத்தனை என்று எண்ணி, அந்த வார்டுக்கே சொல்லுங்கள். தொற்று எந்த அளவைத் தாண்டினால் பழைய முறைக்குத் திரும்புவோம் என்பதையும் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அவசரத்தில், முழுச் சுத்தத்துக்கு வழியின்றிப் போட்ட கேனுலாவுக்கு மட்டும் விதிவிலக்கு: அதை 48 மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். அதற்கெனத் தனிக் கட்டத்தைப் புதிய படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.