துவைத்த துண்டில் ஏன் இந்த வாடை?

கேள்வி: மழைக்காலம் வந்தாலே எங்கள் வீட்டுத் துண்டுகளில் வாடை. மடித்து வைத்திருக்கும்போது தெரிவதில்லை, முகம் துடைத்ததும் அடிக்கிறது. கம்ஃபர்ட் திரவம் கூடுதலாக ஊற்றியும் போகவில்லை. என்ன செய்வது?

பதில்: ஈரம் பட்டதும்தான் வாடை வருகிறது என்கிறீர்கள் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. துண்டின் நூலிழைக்குள் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்று கண்டறிந்தார்கள். நம் உடம்பிலேயே இருக்கும் கிருமிதான். தோலிலிருந்து துண்டில் ஒட்டும் எண்ணெய்ப்பசையைத் தின்று, நாறும் அமிலம் ஒன்றை வெளியிடுகிறது. துணி காய்ந்தாலும் சாகாது, வெயிலின் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். ஈரம் கிடைத்ததும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

கம்ஃபர்ட் திரவத்தை முதலில் நிறுத்துங்கள். அது நூலின் மேல் படலமாகப் படிந்து, துண்டு தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைக்கும். வாடையை மூடுமே தவிர கிருமியைத் தொடாது.

இதற்குச் சரியான மருந்து சூடுதான். அந்தக் காலத்தில் உவர்மண்ணில் நனைத்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த நீராவியில் எந்தக் கிருமி பிழைக்கும்? பருத்தித் துண்டை மெஷினில் 60 டிகிரியில் ஓடவிடுங்கள். மெஷின் இல்லையா, வெந்நீரில் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் பிளீச் என்று கேட்டால் கிடைக்கும்) பாக்கெட்டில் சொன்ன அளவு கலந்து, ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். பட்டு, கம்பளிக்கு இது வேண்டாம்.

அப்புறம் உலர்த்துவது. துவைத்து முடித்ததும் எடுத்துவிடுங்கள், இரவு முழுக்க மெஷினிலேயே கிடந்தால் மறுபடி வாடைதான். கொடியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாமல் இடைவெளி விட்டு, ஃபேனுக்குக் கீழே விரித்துப் போடுங்கள். சீக்கிரம் காய்வதுதான் முக்கியம்.

முன்பக்கம் கதவுள்ள மெஷின் என்றால், கதவோர ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விலக்கிப் பாருங்கள். வழவழவென்று கறுப்பாக ஏதாவது இருந்தால், துவைக்கும் ஒவ்வொரு துணிக்கும் அங்கிருந்தே கிருமி போகும். துடைத்தெடுத்து, கதவைத் திறந்தே வையுங்கள்.

துண்டிலேயே கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தால் அது பூஞ்சை. காளான் போல, மக்கிய மண் போல வாடை அடிக்கும். புள்ளி நூலில் ஊறிவிட்டால் கறை போவது கடினம், அந்தத் துண்டைத் தரை துடைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.