ஒரே பந்துக்கு 52-ம் 44-ம்: ரேடார் கன் காட்டும் எந்த வேகத்தை நம்புவது?

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சாஃப்ட்பால் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தெரிந்தவர் ஒருவரிடம் கையில் பிடிக்கும் ரேடார் கன்னை இரவல் வாங்கி அவள் வேகத்தை அளந்தோம். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் பின்னால், வலைக்கு வெளியே நின்றபோது 52 காட்டியது. பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட்டுக்குப் பக்கவாட்டில் ஏழு மீட்டர் தள்ளி நின்றபோது 44. சில பந்துகளுக்கு 35-க்கும் கீழே போனது. பந்தே போடாதபோது ஒருமுறை 40 என்று வந்தது. கருவி பழுதா? இந்த வேகத்தைத் தேர்வுப் போட்டிக்கு எழுதிக்கொடுக்கலாமா? பள்ளிக்கென்று ஒன்று வாங்கலாமா?

பதில்: கருவியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. 52-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எண்கள் ஏன் வந்தன என்பது புரிந்துவிட்டால் இனி அளக்கும்போது குழப்பம் வராது.

ரேடார் கன் ரேடியோ அலையை அனுப்புகிறது. அது பந்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். கூடல் நகர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன் நம்மை நெருங்கும்போது கீச்சென்றும், தாண்டியதும் தணிந்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டுத்தான் கருவி வேகத்தைச் சொல்கிறது. இதில் ஒரு விஷயம் முக்கியம்: பந்து கருவியை நோக்கி எவ்வளவு வேகமாக வருகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பந்து கருவியைக் குறுக்காகக் கடந்துபோனால் அந்த வேகத்தில் ஒரு பகுதிதான் அதன் கணக்கில் வரும்.

உங்கள் எண்களையே பார்ப்போம். பெண்களுக்கான பிட்சிங் தூரம் 43 அடி, அதாவது 13.1 மீட்டர். பிட்சர் காலை நீட்டி முன்னால் வந்துதான் பந்தை விடுகிறாள் என்பதால், கையை விட்ட இடத்திலிருந்து பிளேட்டுக்கு ஏறக்குறைய 11 மீட்டர்தான் இருக்கும். பிளேட்டிலிருந்து ஏழு மீட்டர் பக்கவாட்டில் நின்றால், கை விடும் நொடியில் பந்தின் பாதைக்கும் கருவியின் பார்வைக்கும் நடுவே சுமார் 32 டிகிரி கோணம் விழும். அதன் கொசைன் 0.85. 52-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், 44. பந்து பாதித் தூரம் வந்த பிறகு கருவி அதைப் பிடித்தால் கோணம் 50 டிகிரியைத் தாண்டிவிடும், எண் 32 பக்கம் இறங்கிவிடும். ஆக, பக்கவாட்டில் நின்றபோதும் கருவி தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது. நின்ற இடம்தான் தப்பு.

இதற்காக நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். 5 டிகிரி விலகினால் அரை சதவீதம்கூடக் குறையாது. 10 டிகிரிக்கு ஒன்றரை சதவீதம். 20 டிகிரிக்குப் போனால்தான் 6 சதவீதம், 30-க்கு 13 சதவீதம் என்று கடிக்க ஆரம்பிக்கும். கேட்சருக்கு நாலைந்து மீட்டர் பின்னால், அவர் உடம்பு மறைக்காமல் ஒரு அடி தள்ளி நின்றால் போதும். கம்பி வேலி இருந்தால் கருவியை அதை ஒட்டி, ஓட்டை வழியாகப் பிடியுங்கள். வலையோ வேலியோ இல்லாத கிரவுண்டில் மட்டும் தயவுசெய்து கேட்சருக்குப் பின்னால் யாரையும் நிறுத்தாதீர்கள். பேட்டில் உரசித் திரும்பும் பந்து முகத்துக்கு வர அரை நொடி ஆகாது, கருவித் திரையைப் பார்ப்பவர் அதைப் பார்க்கவும் மாட்டார். அப்படிப்பட்ட இடத்தில் பேட்டர் இல்லாமல் அளந்துகொள்ளுங்கள்.

பந்தே போடாதபோது வந்த 40, அநேகமாகச் சாலையில் போன பஸ்ஸோ லாரியோதான். கருவியை நீட்டிய திசையில் ரோடு இருந்ததா என்று பாருங்கள். பலரிடம் இருக்கும் புஷ்னெல் கம்பெனி கன், பந்தை 90 அடி வரைதான் பிடிக்கும். வாகனத்தை 1500 அடி தூரம் வரை பிடித்துவிடும். பெரிய இரும்பு உடம்பு அவ்வளவு அலையைத் திருப்பி அனுப்புகிறது. மணிக்கு 65 கிலோமீட்டரில் வரும் பஸ் மைல் கணக்கில் ஏறக்குறைய 40. பிட்சருக்குப் பின்னால் சுவரோ மரங்களோ இருக்கும்படி திசையை மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளரங்கில் அளந்தால் சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள், சுற்றும் இறக்கையையும் அது வேகமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், எந்த இடத்து வேகம் என்பது. காற்றின் தடையால் பந்து வழியிலேயே வேகம் இழக்கும். மணிக்கு 60 மைலில் கையை விட்ட பந்து பிளேட்டுக்கு வரும்போது 55-ஐ ஒட்டித்தான் இருக்கும். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம், எடை 190 கிராம் அளவுக்குத்தான். அந்த எடைக்கு அது பெரிய பந்து. கையை விட்டவுடன் உள்ள உச்ச வேகத்தைத்தான் ஆட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் பிட்சரின் இடுப்புப் பக்கம், பந்து விடுபடும் இடத்தையே குறிவையுங்கள். கை சுழலத் தொடங்கியதும் பட்டனை அழுத்துங்கள். தாமதமாக அழுத்தினால் மூன்று நான்கு மைல் போய்விடும்.

உங்கள் 52 மைல் கணக்கு என்றுதான் கொள்கிறேன், கருவி அமைப்பில் ஒருமுறை சரிபாருங்கள். மைல் என்றால் மணிக்கு 84 கிலோமீட்டர், பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு மிக நல்ல வேகம். கிலோமீட்டர் என்றால் 32 மைல்தான், கதையே வேறு. ஒப்பிட்டுப் பார்க்க: அமெரிக்காவின் மோனிகா ஆபட் 2012-ல் 77 மைல் வீசியது நெடுங்காலம் சாதனையாக இருந்தது. 2025-ல் டென்னசி பல்கலைக்கழக மாணவி கார்லின் பிக்கன்ஸ் 79.4 மைல் வீசினார்.

தேர்வுப் போட்டிக்கு எழுதிக்கொடுக்கலாம். கூடவே கேட்சருக்குப் பின்னாலிருந்து அளந்தது, 43 அடி தூரம், 12 அங்குலப் பந்து என்பதையும் எழுதுங்கள். நன்றாக விழுந்த ஒரே பந்தை எழுதாமல், ஸ்ட்ரைக்காக, அதாவது பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் விழுந்த பத்துப் பந்துகளின் சராசரியைக் கொடுங்கள். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வரும் தேர்வாளர் எப்படியும் அவளை வீசச் சொல்லித்தான் பார்ப்பார். பத்தில் ஏழு ஸ்ட்ரைக் போடும் 50 மைல் பிட்சரை விட்டுவிட்டு, நாலு பந்தில் ஒன்றைக் கேட்சர் தலைக்கு மேல் அனுப்பும் 55 மைல் பிட்சரை எடுக்க எந்தக் கோச்சும் யோசிப்பார்.

எனக்கு இந்தக் கருவியில் பிடித்த உபயோகம் வேறு. அவளுடைய வேகப் பந்துக்கும், அதே மாதிரி கையை வீசி மெதுவாக விடும் சேஞ்ச்-அப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 10 முதல் 15 மைல் வித்தியாசம் இருந்தால் பேட்டர் ஏமாறுவார். 52-க்கு 48 என்றால் அது சேஞ்ச்-அப் இல்லை, நின்று அடிக்க வாகான பந்து. இதைக் கண்ணால் கணிப்பது கஷ்டம், கருவி பட்டென்று சொல்லிவிடும். அதேபோல் பயிற்சியின் முடிவில் வேகம் 52-லிருந்து 48-க்கு இறங்கியிருந்தால் அன்றைக்குக் கை ஓய்ந்துவிட்டது, நிறுத்திவிடுங்கள். கீழிருந்து வீசுவதால் தோளுக்கு ஆபத்தில்லை என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தோளின் முன்பக்கத்தில், புஜத்தசையின் நாண் மேல் நிறைய பாரம் விழுகிறது. அங்கே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் வெந்நீர் ஒத்தடத்தோடு விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் எண்ணைச் சத்தமாகச் சொல்வதும் வேண்டாம். சொன்னால் அடுத்த பந்துக்கு அவள் தோளை இழுத்துப் பிடித்து வீசுவாள், இடுப்பும் மணிக்கட்டும் செய்ய வேண்டிய வேலை போய்விடும். நோட்டில் எழுதி, முடிந்தபிறகு காட்டுங்கள்.

வாங்குவதைப் பொறுத்தவரை, ஒரே ஒரு பிட்சருக்காகப் பள்ளிப் பணத்தைச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்கு முதலில் நல்ல கேட்சர் கவசமும் பந்துகளும் வாங்குங்கள். கன்னை மாதம் ஒருமுறை இரவல் வாங்கினால் போதும். நடுவில் அளக்க மொபைலே உதவும். பக்கவாட்டில் தள்ளி நின்று, பிட்சர் கையும் கேட்சர் கிளவுஸும் படத்துக்குள் வரும்படி ஸ்லோ மோஷனில் எடுங்கள். பந்து கையை விட்ட படத்திலிருந்து கிளவுஸைத் தொட்ட படம் வரை எண்ணுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போனில் 120 படம் வந்தால் அரை நொடி. டேப்பால் அளந்த தூரம் 11.5 மீட்டர் என்றால் நொடிக்கு 23 மீட்டர், 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 83 கிலோமீட்டர். இது வழி முழுவதற்குமான சராசரி. கையை விடும் வேகம் இதைவிட நான்கு சதவீதம் போல அதிகம் இருக்கும். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம்தான், ஒரு படம் தவறினாலே ஆறேழு சதவீதம் பிசகும், அது வேண்டாம். விலை குறைந்த சில போன்களில் 240 என்று போட்டிருந்தாலும் உண்மையில் அவ்வளவு எடுப்பதில்லை. இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு அதைப் படமெடுத்துப் பாருங்கள். ஒரு நொடிக்குள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட படம் எத்தனை வருகிறதோ, அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.