ஒழுகும் அலுமினியப் படகு: முதலில் சுத்தியல், அப்புறம்தான் பசை

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க 12 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். வலையை இழுத்து முடிப்பதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிடுகிறது. தார் பூசினோம், எம்-சீல் (பிசைந்து ஒட்டும் எபொக்சி மக்கு) வைத்தோம், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வெல்டிங் பண்ணிவிடலாமா?"

பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். உங்கள் படகு ரிவெட் (வெளியே தலையும் உள்ளே தட்டி நசுக்கிய வாலுமாகத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஆணி) அடித்தது என்றால், ஓட்டை எதுவும் இல்லாமலே அது ஒழுகலாம். மோட்டார் அதிர்வும் கரைக் கல்லில் இழுபடுவதும் ரிவெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும். அதுவும் உங்கள் பக்கம் நீர் இறங்கினால் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் சுவர்களே வெளியே தெரியுமே, அடிப்பக்கம் எத்தனை இடி வாங்கியிருக்கும்!

சரி, எங்கே ஒழுகுகிறது? உள்ளே இருக்கும் பலகைத் தளத்தைக் கழற்றுங்கள். பழைய டயர்கள் மேல் படகை நிறுத்தி, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு விரல் ஆழம் போதும். 100 லீட்டர் என்றால் 100 கிலோ, அதனால் நடுவிலும் டயர் முட்டுக் கொடுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். ரிவெட் தலையைச் சுற்றி முதலில் ஒரு பளபளப்பு, அப்புறம் ஒரு துளி. அந்த முதல் துளியைத்தான் மார்க்கரால் வட்டமிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் அடிக்கட்டை வழியே ஓடி, எல்லாமே ஒழுகுவது போலத் தெரியும்.

தளர்ந்த ரிவெட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். தண்ணீரை இறக்கிவிட்டு, ஒருவர் வெளியே ரிவெட் தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே அதன் வாலைச் சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் தகடு நெளிந்து பக்கத்து ரிவெட்டும் தளரும். தேய்ந்துபோனதைத் துளைத்தெடுத்துவிட்டு, பாலியூரித்தேன் பசை தடவிப் புது அலுமினிய ரிவெட் போடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டுக்கு (ஒரு பக்கமிருந்தே கருவியால் இழுத்து இறுக்குவது) நடுவில் துவாரம் உண்டு, அதுவே ஒழுகும். முனை மூடியது கேட்டு வாங்குங்கள். செம்பு, பித்தளை ஆணி கிட்டவே வரக்கூடாது. ஈரத்தில் அது அலுமினியத்தை அரித்துவிடும்.

எம்-சீல் கல்லாக இறுகும், படகோ வளையும். அதனால்தான் வெடித்தது. பாலியூரித்தேன் ரப்பர் மாதிரி கூடவே வளையும். ஆனால் பழைய தாரை முழுக்கச் சுரண்டி, துருப்பிடிக்காத எஃகு பிரஷால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த கையோடு பூச வேண்டும். நம் மலைக் குளிரில் பசை மெதுவாகத்தான் இறுகும். பனி விலகி வெயில் ஏறிய பிறகு பூசுங்கள், பெட்டியில் போட்ட நேரத்துக்கு மேல் இரண்டு நாள் விடுங்கள்.

தகடு கிழிந்திருந்தால் மட்டும் வெல்டிங் பற்றி யோசிக்கலாம். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும், அதன் மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். இரும்புக் கேட் ஒட்டுகிறவரிடம் கொடுத்தால் மெல்லிய தகட்டில் பெரிய ஓட்டைதான் மிஞ்சும். அலுமினியத்துக்கு ஏற்ற, வாயு மறைப்பில் ஒட்டும் டிக் வெல்டிங் தெரிந்தவராக இருந்தாலும், சூட்டில் பக்கத்து இணைப்புகளின் பசை கருகும். சின்ன விரிசல் என்றால் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு அது ஓடாமல் நிறுத்தி, பசை தடவிய அலுமினியத் துண்டை மேலே வைத்து ரிவெட் அடித்தாலே போதும்.

பலகையைத் திரும்பப் போடுவதற்கு முன் மறுபடி தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள்.